தலைவரும் திருஷ்டிப் பூசணிக்காயும்

நல்ல காரியம் நடக்கும்போது நான் சும்மா இருக்கமாட்டேன். என்னிடம் உள்ள கோளாறு அது ஒன்றுதான். (மனைவியிடம் இன்னும் நீளமான பட்டியல் இருக்கிறது.)

எண்பதுகளில் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டராக இருந்தேன். ஊர் ஊராகப் போகும் லாரிகளின் முதுகில் 'வேகம் வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியவன் நான். அதை எழுதி முடித்ததும் டிரைவர் வெள்ளோட்டம் பார்க்க அதே லாரியை அம்பு மாதிரி விடுவான். வழியில் ஒன்றாவது படிக்கும் என் மகள் கோமதியின் பள்ளிக்கூட வாசல். ஒருநாள் அவள் பை மட்டும் சக்கரத்துக்கடியில் போயிற்று. அன்றைக்கே வேகத்தடை கேட்டு மனு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வார்டு கவுன்சிலர் காதர் பாய். தார்ப்பாய் வியாபாரம். நிதானமான மனுஷர்.

"வேகத்தடைன்னு தனியா ஒரு செலவு பட்ஜெட்ல ஏறணுமுங்க. திங்கக்கிழமை கூட்டம். விட்டா அடுத்த வருசந்தான். நாளைக்குக் காலைல நகராட்சித் தலைவரையே இடத்தைப் பாக்கக் கூட்டியாரேன். நீங்க ஒண்ணும் பண்ணாம நின்னாப் போதும்."

அந்தக் கடைசி வாக்கியம் யாருக்கோ சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்காமல் ஒரு லாரி வெளியே போகாது. லாரிக்கே அப்படி என்றால் பட்ஜெட்டுக்கு வேண்டாமா? மறுநாள் காலையில் பெரிய வெள்ளைப் பூசணியாகப் பார்த்து, உள்ளே கைநிறையக் குங்குமம் கொட்டி, பள்ளிக்கூட வாசலில் நடுரோட்டில் போட்டேன் ஒரு போடு. சிதறின அழகைப் பார்த்து எனக்கே பெருமை.

தலைவர் ஜீப்பில் வருவார் என்று நினைத்திருந்தேன். மொபெட்டில் வந்தார், பின்னால் பாய்.

பூசணிச் சதையில் மொபெட் ஏறியது. அப்புறம் மொபெட் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். பாய் மட்டும் எப்படியோ நின்றபடியே இறங்கியிருந்தார். தலைவரின் வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. தலைமை ஆசிரியை பஞ்சும் டிஞ்சருமாக ஓடி வந்தார்.

"எந்த லாரிக்காரன்?" என்றார் தலைவர், உட்கார்ந்தபடியே.

பாய் என் காலை மிதித்தார். பேசாதே என்று அர்த்தம். எனக்கு வலிதான் புரிந்தது, அர்த்தம் புரியவில்லை.

"லாரி இல்லீங்க. ரத்தமும் இல்லீங்க, குங்குமம். பட்ஜெட் மேல உங்க கண்ணு பட்டுடக் கூடாதுன்னு நாந்தான் பூசணிக்காய் உடைச்சனுங்க."

தலைவர் எழுந்தார். வேட்டியை உதறினார். "பாய், போலாம் வாங்க. ரோட்டுல பூசணிக்காய் உடைக்கிறவன் பேச்சைக் கேட்டு ரோட்டுக்குப் பணம் ஒதுக்கறதா?" என்று மொபெட்டை நிமிர்த்தினார். என் மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டும் யோகம் என்று முடிவாகிவிட்டது.

அப்போதுதான் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி ஒரு புது லாரி வந்தது. தலைவர், பாய், நான் மூவரும் ஒரே சாக்கடையில் குதித்தோம். (கட்சி வித்தியாசம் பார்க்கவில்லை.)

முழங்கால் சகதியில் நின்றபடி தலைவர் கேட்டார்: "இதுவும் உங்க ஏற்பாடுங்களா?"

"இல்லீங்க. ஆனா பாடி நாங்க கட்டினதுங்க."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். தலைவர் லாரி போன திசையையே பார்த்தார். அதன் முதுகில் என் எழுத்து பளபளத்தது: வேகம் வேண்டாம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஒரே காலையில் தனக்கு ரெண்டு கண்டம் வந்ததாகச் சொல்லி வேகத்தடையை அவரே பட்ஜெட்டில் ஏற்றினார். கூடவே இன்னொரு தீர்மானம்: பொதுரோட்டில் பூசணிக்காய் உடைக்கத் தடை. அதுவும் ஏகமனதாக.

வேகத்தடை இன்றும் இருக்கிறது. கோமதியின் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆயுத பூஜைக்கு நான் பூசணிக்காயைத் தூக்கினால் போதும், கோமதி கோணிச்சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவை ஒருமுறை எட்டிப் பார்ப்பாள்.

"இருங்கப்பா. தலைவர் யாராச்சும் வாராங்களான்னு பாத்துக்கறேன்."