ஊறுகாய் பாட்டிலில் சாத்தான்

அந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், போடிநாயக்கனூரில் பஸ்சை விட்டு இறங்கியவர்களில் பாதிப்பேர் ஏலக்காய் வாங்க வரவில்லை. சாத்தான் பார்க்க வந்தார்கள். சிலமலைக்காரர்கள் நடந்து வந்தார்கள். தேவாரத்துக்காரர்கள் வண்டி கட்டி வந்தார்கள். குரங்கணிக்காரர்கள் ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்து, மூட்டையை மறந்துவிட்டு இறங்கி ஓடினார்கள்.

கொட்டக்குடி ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஒரு பலகை: 'மலையாள மாந்திரீகச் சக்கரவர்த்தி கண்ணுச்சாமி. கண்ணில் குடியிருக்கும் குட்டிச்சாத்தான்கள் வலியில்லாமல் காலி செய்யப்படும்.' வாடகை பாக்கி வைத்தவனைக் காலி செய்வதுபோல அவ்வளவு சுளுவாக எழுதியிருந்தது.

சக்கரவர்த்தி பிறந்தது தேவாரத்தில். மலைக்கு அந்தப்பக்கம் ஓர் எஸ்டேட்டில் இரண்டு வருஷம் சமையல் செய்தார். அவர் வைத்த சாம்பாரைத் தின்றவர்கள் ஒன்றுகூடி அவரை மலையிறக்கி விட்டார்கள். வரும்போது ஒரு கூடை காலி பாட்டில், ஒரு கறுப்புத் துணி, இருபது மலையாள வார்த்தை ஆகியவற்றோடு வந்தார். அந்த இருபதையும் வேகமாகச் சொன்னால் மந்திரம். மெதுவாகச் சொன்னால் 'சாயா குடிச்சோ, சோறு உண்டோ, மழை பெய்யுமோ.'

மலையாளம் தெரிந்த ஒரு லோடுமேன் இதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் செய்தான். "நமக்கே புரியற மாதிரி இருக்குன்னா எவ்வளவு சக்தி இருக்கணும்" என்று கூட்டம் இன்னும் பயபக்தியோடு கும்பிட்டது.

வைத்தியம் இப்படி. வந்தவரின் தலையில் கறுப்புத் துணியைப் போர்த்துவார். கண்ணில் ஊதுவார். துணிக்குள் பாட்டிலை நீட்டி, டப்பென்று தக்கையால் மூடுவார். பிறகு அவரை வெளியே கூட்டிவந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, பாட்டிலை உச்சிவேளை வானத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்வார்.

"நோக்கு, நல்லா நோக்கு. நூலு மாதிரி, கண்ணாடிப் புழு மாதிரி நெளியுதா? நேராப் பார்த்தா நழுவி ஓடுதா? அதான் குட்டிச்சாத்தான்."

பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் தெரிந்தது. போடியில் சாத்தான் இல்லாத கண்ணே இல்லை என்று ஆனது. கூலி ஒரு படி ஏலக்காய். கொட்டகை மணத்தது.

இந்த நேரத்தில்தான் சுருளியம்மாளுக்குக் குள்ளர்கள் தெரிய ஆரம்பித்தார்கள்.

சுருளியம்மாள் நூர் முகம்மது ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறவள். வயது ஐம்பத்தெட்டு. பச்சைக்காய் எது, வெளிறின காய் எது என்று கை போகிற வேகத்தில் கண் சொல்லிவிடும். ஒரு வருஷமாகக் கண் அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. எல்லாம் புகைக்குள் கிடப்பதுபோல இருந்தது. அடுப்படிப் புகை போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம், அவளுக்கு முன்னால் குவித்திருந்த ஏலக்காய் அம்பாரத்தின்மேல் சாண் உயர ஆட்கள் ஏறி இறங்கினார்கள். ரோசாக் கலரில் தலைப்பாகை. கையில் விரித்த குடை. ஒருவரை ஒருவர் இடிக்காமல் வரிசையாகப் போனார்கள். காய் ஒன்றுகூட உருளவில்லை. அவள் கையை நீட்டினாள். விரலுக்குள் புகுந்து அந்தப்பக்கம் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் கிட்டங்கியில் சேர்க்கமாட்டார்கள். கடைசியில் முதலாளியின் மனைவி நபீசா, பச்சையும் வெளிறலும் கலந்து கிடந்த முறத்தைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, ஒங்க கை இப்படிப் பிசகாதே."

"நபீசாம்மா, நம்ம கிட்டங்கிக்குள்ள கல்யாண ஊர்கோலம் எதும் போகுதா?"

"இல்லையே."

"அப்பச் சரி. எனக்கு மட்டுந்தான் போகுது."

நபீசா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். ஆனால் பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் சங்கதி மகன் பால்பாண்டியின் காதுக்குப் போய்விட்டது.

பால்பாண்டி குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். கண்ணுச்சாமியின் பரம பக்தன். ஜீப்பில் ஏறுகிற ஆளையெல்லாம் கொட்டகையில் கொண்டுபோய் இறக்குவான். தாயைப் பற்றிக் கேட்டதும் அவனுக்குக் கவலை பாதி, பெருமை பாதி. ஊருக்கெல்லாம் சாத்தான் நூல் கணக்கில் இருக்க, தன் ஆத்தாளுக்குக் கைகாலோடு, குடையோடு இருக்கிறதே.

"வெரசா கெளம்பு ஆத்தா. சாமி ஒனக்காகக் காத்திருக்காக."

கண்ணுச்சாமி அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். அவர் சர்வீசில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. கண்ணை மூடித் திறந்து, அவள் தோளுக்கு மேலே வெறித்தார்.

"தெரியறாக. எனக்கும் தெரியறாக. ஏழு பேரு. கரிக்கட்டை நிறம். தலையில கொம்பு."

சுருளியம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "கொம்பெல்லாம் இல்லையே. ரோசாத் தலப்பாகையில்ல கட்டியிருக்காக."

"கொம்பை மறைக்கத்தான் தலப்பாகை."

"குடை பிடிச்சிருக்காகளே?"

"அது... அது குடை மாதிரி வளைஞ்ச கொம்பு."

"இப்பத்தானே தலப்பாகைக்குள்ள இருக்குன்னீக?"

கூட்டத்தில் யாரோ "சாமியை எதிர்த்துப் பேசுது பாரு, சாத்தான்" என்றார்கள். பால்பாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருளியம்மாளுக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது. தனக்குத் தெரிவது இவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிகிறது என்று ஏன் சொல்கிறார்?

"இதுக்குப் பாட்டிலு பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னார் கண்ணுச்சாமி. "வெள்ளிக்கெழமை சஞ்சீவிப் பால் விடணும். ரெண்டு கண்ணுலயும்."

வேறு யாருக்கோ எடுத்து வைத்த பால் தேங்காய்ச் சிரட்டையில் இருந்தது. சுருளியம்மாள் குனிந்து மோந்து பார்த்தாள். புகை மூடியது கண்ணைத்தானே, மூக்கை இல்லையே.

"இது எருக்கம்பாலு. முள்ளுக் குத்துன எடத்துல வச்சாத் தோலைப் பொத்துக்கிட்டு முள்ளு வெளிய வந்துரும். கண்ணுல விட்டா என்ன வெளிய வரும்?"

"சாத்தான் வரும்."

"கண்ணும் சேர்ந்துல்ல வரும்."

வீட்டுக்கு வந்ததும் பால்பாண்டி சண்டை பிடித்தான். ஊரெல்லாம் நம்புகிறவரை அவமானப்படுத்திவிட்டாய் என்றான். அவளோ வியாழக்கிழமை காலையில் நபீசாவின் கையைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினாள்.

மதுரையில் கண் டாக்டர் ஓர் அம்மாள், சந்திரவல்லி என்று பெயர். சுருளியம்மாளுக்கு அங்கே ஒரே ஏமாற்றம். டாக்டரம்மா ஊதவில்லை. கண்ணை உருட்டவில்லை. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தாள். கண்பாப்பா விரிந்ததும் இருட்டறைக்குள் கூட்டிப்போய்ச் சின்ன வெளிச்சத்தைக் கண்ணுக்குள் காட்டிப் பார்த்தாள். அப்புறம் கேள்வி கேட்டாள். நாள் முழுக்கக் கூட்டம் நிற்கிற கொட்டகையில் ஒருத்தரும் கேட்காத கேள்விகள்.

"அவங்க உங்ககிட்ட பேசுறாங்களா?"

"இல்ல தாயி. அவுக பாட்டுக்குப் போறாக."

"கண்ணை மூடினா?"

சுருளியம்மாள் மூடினாள். ஒரு மாதமாக இதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லையே என்று இருந்தது. "காணோம்."

"திறந்தா?"

"வந்துட்டாக. இப்ப ஒங்க மேசை மேல போறாக."

டாக்டரம்மா மேசையைப் பார்க்கவில்லை. எனக்கும் தெரிகிறது என்று சொல்லவுமில்லை. அது ஒன்றே சுருளியம்மாளுக்குப் பெரிய ஆறுதல்.

"ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப் போயிருக்கு. கண்ணுலேருந்து மூளைக்குப் போற சேதி கொறைஞ்சு போச்சு. மூளை சும்மா இருக்குமா? அதுவா ஒரு படம் போட்டுப் பார்க்குது. பார்வை மங்கினவங்க சில பேருக்கு இப்படித் தெரியும். யாரும் வெளியே சொல்றதில்ல."

"பைத்தியம் இல்லையே?"

"அதை நெசம்னு நீங்க நம்பவே இல்லையே. கையை நீட்டிச் சோதிச்சுல்ல பார்த்திருக்கீங்க."

சுருளியம்மாள் அங்கேயே அழுதுவிட்டாள். பாட்டில் சமாச்சாரத்தைச் சொன்னது நபீசாதான். டாக்டரம்மா நபீசாவை எழுப்பி ஜன்னலண்டை நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடி வெறும் வானத்தைப் பார்க்கச் சொன்னாள்.

நபீசா பார்த்தாள். "யா அல்லா. எனக்கும் நெளியுதே. பாட்டிலே இல்லையே."

"கண்ணுக்குள்ள பாகு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதுல சின்னச் சின்ன இழை மிதக்கும். வெளிச்சமான இடத்தைப் பார்த்தா அந்த இழையோட நிழல் தெரியும். எல்லாருக்கும் உண்டு, ஒண்ணும் செய்யாது. திடீர்னு நெறைய தெரிஞ்சாலோ, கண்ணுக்குள்ள மின்னல் வெட்டினாலோ மட்டும் அன்னைக்கே ஓடி வரணும்."

வலது கண்ணில் ஆபரேசன் நடந்தது. தலை அசையக்கூடாது என்று இருபுறமும் மணல்மூட்டை வைத்துப் பல நாள் படுக்க வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது டாக்டரம்மாளின் மூக்குத்திக் கல். சோடா பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடியை மாட்டியதும் அதன் நிறமும் தெரிந்தது. குள்ளர்கள் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்களே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஊருக்குத் திரும்பி இரவு நபீசா வீட்டிலேயே தங்கிய மறுநாள், சிலமலைப் பெண் கருப்பம்மாளுக்குக் கொட்டகையில் பால் விடப்போகிறார்கள் என்று தெரிந்தது. இருபது வயது. குற்றம் என்ன? வானத்தைப் பார்த்தால் கண்ணில் மூன்று நூல் தெரிகிறதாம். அவள் சாத்தான்கள் ரொம்பக் கெட்டவை, பாட்டிலுக்கு மசியவில்லை என்று தீர்ப்பு.

சுருளியம்மாள் நேரே கொட்டகைக்குப் போனாள். இடுப்பில் மடிக்குள் ஒரு பாட்டில்.

பால்பாண்டி சிரட்டையை ஏந்தி நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி போட்ட தாயைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"சாமி, மன்னிக்கணும்" என்றாள் சுருளியம்மாள். "மதுரையில எங் கண்ணுல இருந்ததைப் பிடிச்சுட்டாக. அடைச்சுக் கொண்டாந்திருக்கேன். நெசமாச் சாத்தான்தானான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

கூட்டம் ஓரடி பின்வாங்கி, ஈரடி முன்னால் வந்தது. கண்ணுச்சாமிக்குப் பூரிப்பு. பாட்டிலை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கு. சந்தேகமே இல்ல. மதுரைச் சாத்தான். நம்மூருதைவிடப் பெரிய ஜாதி. வாலு ரெண்டு."

"நல்லாத் தெரியுதா?"

"இந்தா, என்னைப் பார்த்துச் சிரிக்குது."

பாட்டில் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் மீசைகூட இருக்கிறது என்றார். திரும்பி வந்த பாட்டிலின் தக்கையைச் சுருளியம்மாள் பிடுங்கி, கருப்பம்மாளின் மூக்கருகே நீட்டினாள்.

"என்ன வாசம் அடிக்குது தாயி?"

கருப்பம்மாள் மோந்து பார்த்தாள். "எலுமிச்சங்கா ஊறுகா."

"நபீசாம்மா வீட்டு ஊறுகா பாட்டிலு. காலையில வழிச்சுத் தின்னுட்டுக் கழுவிக் கொண்டாந்தேன். இதுல சாத்தான் எப்ப ஏறுச்சு சாமி?"

கண்ணுச்சாமி பாட்டிலைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"பாட்டிலை விடுங்க. எல்லாரும் ஒத்தைக் கண்ணை மூடி வெறும் வானத்தைப் பாருங்க. சூரியனைப் பார்த்துறாதீக, அந்தப் பக்கம் பாருங்க."

இருநூறு பேர் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தார்கள். "இருக்கு" என்றார் ஒருவர். "எனக்கும் இருக்கு" என்றார் இன்னொருவர். பின்வரிசையில் ஒரு புத்திசாலி, "பாட்டிலைத் தொறந்ததால எல்லாம் வெளிய பறந்துருச்சுடோய்" என்று துண்டை உதறிக்கொண்டு ஓடினார். நாலு பேர் அவர் பின்னால் ஓடினார்கள். அவர்கள் கொட்டகைக்கு வருமுன்னும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

மிச்சப்பேருக்குச் சுருளியம்மாள் கண்ணுக்குள் இருக்கிற பாகையும் இழையையும் சொன்னாள். பிறகு கண்ணுச்சாமியிடம் திரும்பினாள்.

"நீங்களும் பார்த்தீக. வாலு ரெண்டுன்னீக. பாட்டிலுல இல்லன்னா அது ஒங்க கண்ணுலதான் இருக்கு. கருப்பம்மாளுக்கு மூணு நூலுக்கு ரெண்டு கண்ணுலயும் பாலு. ஒங்களுக்கு ரெண்டு வாலுக்கு ஒரு சொட்டுப் போதும். பால்பாண்டி, சாமிக்கு மொதல்ல விடுய்யா."

பால்பாண்டி சிரட்டையைப் பார்த்தான். சிரட்டை ஏந்திய விரலில் பால் பட்ட இடம் சிவந்து தடித்திருந்ததையும் பார்த்தான். இரண்டடி முன்னால் வந்தான்.

"எனக்கெதுக்கு மாப்ளே?" கண்ணுச்சாமி பின்வாங்கினார். "எங் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"எங்க ஆத்தா கண்ணுல விடப் பார்த்தீகளே?"

"அது வேற கண்ணு."

"வேற கண்ணுன்னா?"

"அடுத்தவுக கண்ணு" என்றார் கண்ணுச்சாமி, அவசரத்தில். அவர் கொட்டகை போட்ட நாளிலிருந்து சொன்ன முதல் உண்மை அதுதான்.

மலையாளச் சக்கரவர்த்தி பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். வேட்டி தகரத்தில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. கோவணத்தோடு அக்கரை ஏறி மலைப்பக்கம் ஓடியவரைத் துரத்தக்கூட முடியாமல் கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் சிலர் சிரிக்கவில்லை. அவர்கள் போன மாதம் பால் விட்டுக்கொண்டவர்கள். ஒருவருக்கு ஒரு கண் வெள்ளையாக வெந்து போயிருந்தது. அதற்கு மதுரையிலும் மருந்தில்லை.

பால்பாண்டி சிரட்டைப் பாலை மண்ணில் கொட்டிக் காலால் தேய்த்தான். அடுத்த வாரமே, பால் விட்டுக்கொண்ட மற்றவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனான். சுருளியம்மாள் இடது கண்ணுக்கும் புரை எடுத்துக்கொண்டு மறுபடி முறத்தைப் பிடித்தாள்.

கம்பம் பக்கத்தில் இப்போது ஒருத்தர் புதிதாகக் கிளம்பியிருக்கிறாராம். மனுஷர் காதுக்குள்ளிருந்து யட்சி எடுக்கிறாராம். பஸ்சில் நிற்க இடமில்லை என்கிறார்கள். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஏறுவதற்கு முன்னால், இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று கிடக்கிறதே, அதை மட்டும் ஒரு தடவை உபயோகித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.