கட்டைவிரல் நடந்த நடை

நாற்பது வருஷம் ஊசி பிடித்த டெய்லர் அவர். ஊசி தன்னைப் பிடிக்க வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"சுகர் எக்கச்சக்கமா இருக்கு. மாத்திரை போட்டுக்கிட்டுத் தினம் நடங்க. மூணு மாசத்துல இறங்கலேன்னா ஊசிதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வயித்துல" என்றார் டாக்டர்.

டெய்லர் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். மகள் விஷயம் கேள்விப்பட்டு, அடிகளை எண்ணுகிற கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டுப் போனாள். தினம் ஆறாயிரம் அடி. எண்ணிக்கை அவள் போனுக்குத் தானாகப் போய்விடும்.

முதல் நாள் தெருமுனை வரை போனார். முட்டி வலித்தது. வெயில் அடித்தது. நாய் ஒன்று பார்த்த பார்வையும் சரியில்லை. திரும்பி வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தவருக்கு மூளை வேலை செய்தது. கடிகாரத்தைக் கழற்றி மிஷினின் மிதிபலகையில் கட்டினார். நூல் கோக்காமல், துணி வைக்காமல், வலது கால் கட்டைவிரலால் லேசாகத் தட்டினார். பலகை ஆடியது. கடிகாரம் எண்ணியது. ஒரு மணி நேரத்தில் ஆறாயிரம்.

"அப்பா, சூப்பர்" என்று மகள் போனில் சொன்னாள்.

"மனசு வச்சா முடியாதது என்னம்மா இருக்கு" என்றார் கட்டைவிரல்காரர்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரே ஒரு குறை. அதே வாரத்தில் அவர் சம்சாரத்துக்கு மறதி வந்துவிட்டது.

கடை கீழே, வீடு மாடியில். நடுவில் பதினேழு படி. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பது, பட்டன் தைப்பதெல்லாம் அந்தம்மாள் வேலை.

"பட்டன் டப்பா எங்கே?"

"மேல வச்சுட்டேன் போலிருக்குங்க."

"கடைச் சாமானுக்கு மேல என்ன வேலை?"

"மறந்தாப்பல எடுத்துட்டுப் போயிட்டேன். எனக்கு முட்டி வலி. நீங்க கொஞ்சம் போய் எடுத்துட்டு வந்துடுங்களேன்."

டப்பாவோடு இறங்கினால் இஞ்ச் டேப் இருக்காது. டேப்போடு இறங்கினால் கத்தரிக்கோல் இருக்காது. அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கியபடியே நிற்பார். டெய்லர் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

"உனக்குத் தலை இருக்கா, இல்லை அதையும் மேல வச்சுட்டியா?"

அந்தம்மாள் சட்டையை மடியில் இழுத்துக்கொள்வாள். குனிந்து காஜா எடுப்பாள். ஒரு நாள் அவள் காதுபடவே மகளுக்குப் போன் போட்டார். "உங்கம்மாவுக்கு மூளை மங்குதும்மா. என் உடம்பைப் பார்ப்பேனா, அவளைப் பார்ப்பேனா?" அவள் கையிலிருந்த ஊசி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஓடியது.

மூன்று மாசம் போயிற்று. சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"நல்லா இறங்கியிருக்கே. ஊசி வேண்டாம்."

கட்டைவிரல் தட்டுக்குச் சர்க்கரை கூட ஏமாறுமா என்று டெய்லருக்கே ஆச்சரியம். "தினம் ஆறாயிரம் அடி டாக்டர். வெயில் மழை பாக்கிறதில்லை."

"அடியை விடுங்க. உங்க வீட்டம்மா போன வாரம் வந்தப்பவே சொன்னாங்க. ஒரு நாளைக்கு இருபது தடவை மாடி ஏறி இறங்குறீங்களாமே. அதுதான் வேலை செஞ்சிருக்கு. அடுத்த மூணு மாசம் இதுல ரெண்டு மடங்கு பண்ணுங்க, மாத்திரையையும் குறைச்சுடலாம்."

டெய்லர் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டார். "அப்ப உனக்கு மறதியே இல்லையா?"

"இல்லீங்க."

"நான் தட்டினது எப்படித் தெரியும்?"

"தினம் ஒரு மணி நேரம் மிஷின் ஓடுது. ஒரு சட்டையும் வளரலையே."

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கினாள். நேராக இறங்கவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று இறங்கினாள்.

அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. டப்பாவையும் டேப்பையும் கீழே இறக்கினது இவர். மேலே ஏற்றினது யார்? காலையில் இவர் குளிக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் இவர் கண்ணயரும்போது ஒரு தடவை, இந்த முட்டியோடுதானே ஏறியிருப்பாள்? அவளைப் போய்த் தலை இருக்கா என்று கேட்ட வாய் இது. ஆயுசுக்கும் எத்தனையோ துணியைப் பிரித்துத் தைத்திருக்கிறார். சொன்ன சொல்லைப் பிரித்துத் தைக்க வழியில்லை.

கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுடு."

"அதெல்லாம் எதுக்கு, பாத்து இறங்குங்க."

"இல்ல, கேளு. நீ இனிமே ஒரு சாமானையும் தூக்கிட்டு ஏறக் கூடாது. எல்லாத்தையும் நானே மேல கொண்டுபோய் வைக்கிறேன். நானே கீழ எடுத்துட்டு வரேன். இது சத்தியம்."

அந்தம்மாள் கடைசிப் படியில் நின்று மூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சுங்க. டாக்டர் ரெண்டு மடங்குன்னாரே, உங்களை எப்படி ஏத்தப்போறேன்னு இப்பதான் யோசிச்சுக்கிட்டே வந்தேன்."