சின்னான் கடைப் படி மிதியாச் சபதம்

வாழ்க நாகஜோதி! லைன் வீட்டு வரிசையின் முதல் பட்டதாரியே, பி.காம். என்னும் மணிமுடி தரித்தவளே, பேருந்தில் இடித்தவனை ஒற்றை ஊக்கால் புறங்கண்ட பெருந்தகையே, உன் தயிர்ப்போர் பாடப் புகுகிறோம்; கரண்ட் போவதற்குள் பாடி முடிக்க அருள்க!

அன்று அவள் தாய் ராமாயி, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி வெட்டியே விரல் தேய்ந்த அன்னை, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சும் வயிற்றில் பசியுமாய் வந்து சுவரோரம் சாய்ந்தாள். குளிர்ந்த தயிர்ச்சோறன்றி வேறெதுவும் அவ்வாயினுள் புகவொண்ணாது. சோறு இருந்தது, தயிர் இல்லை. கூப்பிடு தூரத்தில் சின்னான் கடை இருந்தது. ஆனால் அந்தோ, சபதமும் இருந்தது! முந்தைய வாரம், கல்லாவில் வீற்றிருந்த சின்னான், "ஏனுங்க, டிகிரி முடிச்சும் தயிர்ப் பாக்கெட்டுக்கு நீங்களேதான் நடக்கோணுமுங்களா?" என்று பல்லிளித்து நகைக்க, "இனி உங்க கடைப் படிய மிதிச்சா என் பேரு நாகஜோதி இல்ல" என்று தெருவே அதிர முழங்கியவள் அல்லளோ அவள்!

"நான் போயி வாங்கியாரேன் தாயி" என்று பஞ்சினூடே முனகினாள் ராமாயி.

"பேசாம உக்காரும்மா. பல்லு புடுங்குன வாயி."

எடுத்தாள் கைபேசி. தோன்றிற்று மளிகைச் செயலி, விரிந்தது வரைபடம், அவள் வீட்டைக் காட்ட வேண்டிய செம்புள்ளியோ, ரயில் பாதையைத் தாண்டி, எவனுடையதோ ஒரு சாயப்பட்டறைக் கூரைமேல் கொடிநட்டு நின்றது. அக்கூரைக்கு அண்மையிலிருந்த கடையையே செயலி அவளுக்கெனத் தேர்ந்தது. கட்டைவிரலே வேலாக அவள் இழுக்க, புள்ளி வர, விரலெடுக்க, புற்றுக்குத் திரும்பும் பாம்பென அது பட்டறைக்கே மீள, சினம் தலைக்கேறியவள், 'அடையாளம்' கேட்ட கட்டத்தில் "பனியன் கம்பெனி எதிரில்" என்று அம்பு தொடுத்து ஆர்டரை ஏவினாள். திருப்பூரில் அவ்வடையாளம், நடுக்கடலில் நின்று 'தண்ணீருக்குப் பக்கத்தில்' என்பதற்கு நிகர் என்பதைக் கோபம் மறைத்தது.

போன் அலறியது. டெலிவரிக்காரன் தௌபிக்.

"அக்கா, பனியன் கம்பெனி எதிர்லதான் நிக்கறனுங்க."

"எந்தக் கம்பெனி?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, சந்துக்குள்ள மூணு. ரயில்வே கேட்டு வேற சாத்தியாச்சுங்க. கேன்சல் பண்ணிட்டு, ஊட்டுக்குப் பக்கத்துல இருக்கற கடைப் பேரைப் போட்டு மறுக்காப் போடுங்க."

அப்பேர்! அன்றுமுதல் நாவில் ஏற்றாத அப்பேர்! ராமாயியின் வயிறு கார்மேகமென உறுமியது. தாய்க்கு இல்லாத பல்லையும் சேர்த்துத் தானே கடித்து, தட்டினாள் நாகஜோதி: "சின்னான் கடை பக்கத்தில்."

என்னே விந்தை! தண்டவாளத்தை ஒரே தாவாய்த் தாவிய செம்புள்ளி, லைன் வீட்டு வாசலில் வந்து பணிந்தது. இடமறிந்த செயலியும் தன் பிழை திருத்தி, கடை மாற்றி, 'உங்களுக்கு மிக அருகிலுள்ள கடை' என்று பச்சை எழுத்தில் பறைசாற்றிற்று. அதன் கீழே கடைப்பேரைப் படிக்கும் பொறுமை பசித்த வீட்டில் எவர்க்குண்டு? அழுத்தினாள்.

சற்றைக்கெல்லாம் செருப்போசை எழ, நெஞ்சு வெற்றிமுரசு கொட்ட, கோட்டைக் கதவம் திறப்பாள் போல் தகரக் கதவைத் திறந்தாள். ஆங்கே, அவள் வீட்டுப் படியின் மேல், வேர்க்க விறுவிறுக்க, தயிர்ப் பாக்கெட்டை ஏந்தி நின்றவர் சின்னான்.

"ஓடிபி சொல்லுங்க" என்றார்.

நாகஜோதி நாலு நம்பரையும் சொல்லித் தயிரை வாங்கிக்கொண்டாள்.