முதலைக்கு எடுத்து வைத்த வடை

பாலக்கோடு,
சனிக்கிழமை.

என் அன்பு மச்சான் அருள்பிரகாஷுக்கு,

உன் அக்கா புருஷன் சவரிராயன் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நான், உன் அக்கா கேத்தரின், மகள் ஜெனிஷா, கடையிலுள்ள ஜெராக்ஸ் மெஷின் ஆகிய நால்வரும் சுகம். மெஷினில் மட்டும் அடிக்கடி பேப்பர் சிக்குகிறது. சென்னையில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ போனை எடுத்தால்தானே நிச்சயமாகத் தெரியும்.

இந்தக் காலத்தில் மாமா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் போட்டால் ஜெனிஷா பார்த்துவிடுவாள். போனில் பேசினால் உன் அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். அதனால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான். இன்டர்நெட்டில் நான் எழுதிவந்த ‘தக்காளிக் கூடை’ பிளாக்கை அடியோடு அழித்துவிடு. ஜெனிஷா கல்யாணம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நானே அழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீ காலேஜ் லீவில் வந்தபோது உன் ஈமெயிலில் திறந்துகொடுத்தது அது. பாஸ்வேர்டு கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரையோ எடைக்குப் போட்டாயிற்று. புதியதில் தட்டினால், உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன என்று கேட்கிறது. உங்கள் வீட்டு மணி, டைகர், அந்த ஒற்றைக் காது வெள்ளாடு என்று எல்லாவற்றையும் போட்டேன், கடைசியில் கோபத்தில் உன் பெயரையே போட்டேன், மொத்தமாகப் பூட்டிக்கொண்டது.

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு பென்னாகரத்திலிருந்து ஜெனிஷாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ரஞ்சித்குமார், ஓசூரில் வேலை, தரமான பிள்ளை. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது என்பது இவள் அவன் தட்டில் மட்டும் கேசரியைக் குவித்ததிலேயே தெரிந்தது. பையனுடைய அம்மா சாலம்மாள், வந்த கொஞ்ச நேரத்தில் அடுப்படிக்கே போய் உன் அக்காவோடு ஒட்டிக்கொண்டார். அப்பா ஆண்டனிதான் பேசவே இல்லை. லேத் பட்டறை வைத்திருக்கிறவர், இரும்போடு பழகிப் பழகி மனுஷரிடம் பேச்சு குறைந்துவிட்டது போல. நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “தக்காளிக் கூடைன்னு எழுதிட்டிருந்தது நீங்கதானுங்களா?” என்றார். “ஆமாங்க, அதெல்லாம் அந்தக் காலத்துலங்க, சும்மா பொழுது போவாம” என்றேன். “சரிங்க” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்கள். தோளில் கிடந்த துண்டைக்கூட நாற்காலியிலேயே மறந்து போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. உன் அக்கா அந்தத் துண்டைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டு, நாளெல்லாம் என்னைப் பிடித்துத் துவைக்கிறாள். “துண்டக்கூட கேக்காத கெடக்கறாங்கன்னா இந்த வூட்டுப் பக்கமே வரப் போறதில்லன்னு அர்த்தம். அப்புடி என்னத்தங்க எழுதித் தொலச்சீங்க?” என்கிறாள். ஜெனிஷாவோ சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

என்னத்தைத்தான் எழுதித் தொலைத்தேன் என்று நேற்று உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன் மச்சான். படிக்காமலே உன்னிடம் அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது இந்தக் கடை பிரவுசிங் சென்டர், ஞாபகம் இருக்கிறதா? பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கு ரோடு வரைக்கும் கூட்டம் நிற்கும், மற்ற நாளில் ஈயோட்டுவேன். மண்டியில் விலை விழுந்து, கொண்டுவந்த தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு டிராக்டர்கள் திரும்பிப் போன நாளைப் பற்றி முதல் பதிவு எழுதினேன். நீதான் அதைத் திரட்டியில் சேர்த்தாய். உலகத்தில் எங்கெங்கோ இருந்து தமிழில் எழுதுகிறவர்களின் பதிவையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டுமே, அதில். டீ குடித்துவிட்டு வருவதற்குள் துபாயிலிருந்து ஒருவர், ‘அண்ணே, மண்டி வாசனை இங்க வரைக்கும் அடிக்குது’ என்று எழுதியிருந்தார். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் என்னை யாருக்குமே தெரியாது. அன்றைக்கு சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அந்த வடை விளையாட்டு. பதிவு போட்டதும் முதல் ஆளாக வந்து பின்னூட்டம் போடுகிறவர் ‘வடை எனக்கே’ என்று எழுதுவார். முதலில் வந்தவருக்கு வடை, அவ்வளவுதான், யாரும் யாருக்கும் வடை கொடுத்ததில்லை. உன் அக்கா அதை ஒருநாள் திரையில் படித்துவிட்டு, “இத்தன பேரு வாய்விட்டுக் கேட்டிருக்காங்க, ஒருத்தருக்காச்சும் குடுத்தீங்களா? நம்ம வூட்டப் பத்தி என்ன நெனப்பாங்க?” என்று சண்டைக்கு வந்தாள். சும்மா விளையாட்டு என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே. தருமபுரியில் லாட்ஜ் மாடியில் பதிவர் சந்திப்பு நடந்த அன்று, இரண்டு தூக்குவாளி நிறைய உளுந்து வடை சுட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாள். இலக்கியம் எங்கே போகிறது என்று ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து, “மொக்கைமணிங்கறது யாருங்க? காரிமங்கலம் காக்கா வந்திருக்காருங்களா?” என்று புனைபெயரைச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் பங்கை எடுத்துக் கையில் கொடுத்தாள். இலக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு பிள்ளை வடையைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். “இங்க நெசமாவே குடுக்கறாங்கன்னு யாருமே சொல்லலீங்களே அக்கா” என்றான். அந்த மாதிரி ஒரு கூட்டத்தை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

ஒருவன் மட்டும் அன்றைக்கு வரவில்லை. ‘ஒகேனக்கல் முதலை’ என்ற பெயரில் எழுதுவானே, அவன்தான். குவைத்தில் இருப்பதாகச் சொல்வான். முக்கால்வாசிப் பதிவுக்கு முதல் வடை அவனுக்குத்தான். வடையை வாங்கிக்கொண்டு அடுத்த வரியிலேயே என்னைக் கடிப்பான். பென்னாகரம் பஸ்ஸைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குத்தான் பெரிய சண்டை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதைக் கிண்டல் செய்து எழுதினேன். பென்னாகரத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தாலும் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், அப்புறம் திரும்பியே பார்க்க மாட்டார்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். முதலை துள்ளிக் குதித்தான். ‘துண்டு போட்டவன் வண்டி கிளம்பறதுக்குள்ள வந்தே தீருவான், எங்க ஊரு துண்டுக்கு ஒரு நாணயம் உண்டு’ என்று வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றான். நேற்று அந்தச் சண்டையை மறுபடி படித்து, கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆண்டனி சார் அந்தப் பதிவைப் படித்திருப்பார், அதில் சந்தேகமே இல்லை. ஊரையே கிண்டல் செய்தவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அப்புறம் ஒவ்வொருவராக ஃபேஸ்புக் பக்கம் போனார்கள். திரட்டியும் ஒருநாள் திறக்கவில்லை. கடைசி வரைக்கும் வந்துகொண்டிருந்தவன் முதலை ஒருவன்தான். வேறு யாரும் இல்லாத இடத்தில்கூட ‘வடை எனக்கே’ என்று எழுதுவான், யாரோடு போட்டி என்று தெரியாது. பிறகு அவனும் நின்றுவிட்டான். அவன் வராத முதல் பதிவுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எழுதத் தோன்றவில்லை. திட்டுவதற்காவது ஒருவன் படிக்கிறான் என்றுதான் அத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன் மச்சான். உன் அக்கா சந்திப்பு அன்றைக்கு அவனுக்கென்று வாழையிலையில் தனியாகக் கட்டி வைத்த வடையை, போகும்போது மாதிரியே திரும்பும்போதும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறதோ தெரியவில்லை.

சரி, பழங்கதை போதும். பிளாக் எனக்குப் பெரிதுதான், ஜெனிஷா அதைவிடப் பெரிது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உள்ளே போய், எதையும் படிக்காமல் அழித்துவிடு. படித்தால் உனக்குக் கை வராது. அழித்த பிறகு எனக்குச் சொல்ல வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பையும், பிள்ளைகள் நெற்றியில் மாமன் சார்பாக ஒரு சிலுவையும் போட்டுவிடு. மாதா உங்களுக்குக் காவலாகவும், உன் போனுக்குச் சார்ஜாகவும் இருப்பாளாக.

இப்படிக்கு,
உன் மாமா
சவரிராயன்

பின்குறிப்பு: மேலே எழுதியது ஒன்றையும் செய்யாதே. கவரை ஒட்டும் முன், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த பஸ் பதிவைத் திறந்தேன். அத்தனை பின்னூட்டத்துக்கும் கீழே புதிதாக ஒன்று கிடக்கிறது. போன ஞாயிறு சாயந்திரமே போட்டிருக்கிறது. நேற்று சண்டையைப் பாதி படித்துச் சிரித்ததோடு மூடிவிட்டேன், கடைசி வரை போகவில்லை. அப்படியே எழுதுகிறேன், படி:

‘குவைத்தை விட்டு வந்து லேத் பட்டறை போட்டதுல இந்தப் பக்கம் வர முடியலைங்க. அந்தப் பதிவுல நீங்க எழுதுனது பொய்யின்னு அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கு உங்க வூட்டு நாற்காலியில துண்டு போட்டுட்டு வந்திருக்கேன். பையனுக்கு எடம் புடிச்சாச்சு. வண்டிய எப்ப எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும். — முதலை (ரஞ்சித்குமார் அப்பா).’

அவர் நம் பதிலுக்காகக் காத்திருக்கிறார், நாம் துண்டைத் துவைத்து பீரோவில் பூட்டிவிட்டோம். உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பீரோவைத் திறந்து துண்டை எடுத்து அதே நாற்காலியில் போட்டாள். பிறகு, “அன்னைக்கு வாங்காத வடையையும் சேத்துல்ல சுடணும்” என்று உளுந்து டப்பாவைத் தேடப் போனாள். ஜெனிஷா போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவள் இன்னும் இறங்கவில்லை. போன் போட்டு, நாளைக்கு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு அவர்களை வரச் சொல்லிவிட்டேன். பாஸ்வேர்டை உடனே அனுப்பு, அவருக்கு அங்கேயே பதில் போட வேண்டும். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளோடு முந்தின நாளே வந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை முதலில் படித்த ஆள் நீதான், உனக்கும் ஒரு வடை உண்டு.