பன்னிரண்டைப் பதினெட்டாக்கிய படலம்

வாழிய! வாழிய! மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டைகள் மலையெனக் குவிந்த திண்டிவனத்து மண்டித் தெருவின் மணிவிளக்கும், இரவல் வாங்கிய ஸ்க்ரூடிரைவரை எவருக்கும் திருப்பித் தந்தறியாத திண்தோளனும், தன் தட்டச்சுப் பயிலகத்தின் தலைமேல் ‘மின்னல்வேகக் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்’ என்று செம்பெயின்டால் எழுதுவித்த செம்மலுமாகிய கோதண்டபாணியாரின் கொற்றம் வாழிய! ஆனைமுகத்தானே, இப்பெருங்கதையை நான் இடறாமல் சொல்லிமுடிக்க அருள்வாய். மின்சாரத்துக்கு அதிபதியாய் எந்தத் தேவதை இருந்தாலும், அடியேன் முடிக்கும் வரை கரண்ட்டை நிறுத்தாதிருப்பாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. கம்ப்யூட்டர் என்பதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஊர், அதைக் கண்ணால் காணக் கோயிலுக்குப் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த காலம் அது. சென்னைக் கம்பெனி ஒன்று போதும் போதுமென்று கழித்துக் கட்டிய யந்திரத்தைக் கோதண்டபாணியார் வாங்கி வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டிக் குடியேற்றினார். அதுவரை மண்டிக்காரர்கள் அவரை “ஏம்ப்பா டைப்பு” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போர்டு ஏறிய மறுநாள் அதே வாய்கள் “சார்” என்றன. ‘மின்னல்வேக’ என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் அவருடைய மானம், மரியாதை, காலரின் விறைப்பு எல்லாம் அடங்கியிருந்தன.

இத்தகைய பெருவாழ்வுக்குப் பகை வெளியிலிருந்து வரவில்லை. வீட்டு வழியாகவே வந்தது. மனைவி தையல்நாயகியின் தம்பி, விழுப்புரத்துச் சக்கரபாணி, மாமனைப் பார்த்து அதே தொழிலில் இறங்கி, அதே சொல்லைத் தன் போர்டிலும் எழுதி, மாமனுடையதைவிட வேகமான யந்திரம் ஒன்றைப் புத்தம்புதிதாய் வாங்கிவிட்டான். மாமனுடைய யந்திரத்தின் வேகம் ஆறு. மைத்துனனுடையது எட்டு. இந்த எண்கள் எதைக் குறிப்பவை என்பது சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆறைவிட எட்டுப் பெரிது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விழுப்புரத்துக்கு அருகே காணை கிராமத்தில், சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தி நடுவில், பாயசம் இலையில் பாயும் வேளையில், சக்கரபாணி நாலு பேர் காதில் விழும்படி வாயைத் திறந்தான்.

“மாமா, ஒங்க மிஷினு ஒரு பொண்ணுக்கு ஜாதகம் போட்டு முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு பேரன் பேத்தியே எடுத்துடும் போலகீதே!”

பந்தி சிரித்தது. பந்தியோடு பரிமாறுகிறவனும் சிரித்தான். கோதண்டபாணியார் எழுந்தார், எச்சில் கையை வானோக்கி உயர்த்தினார், அப்பளம் நொறுங்க, அண்டம் நடுங்க, வஞ்சினம் உரைத்தார்.

“டேய் சக்கரபாணி! சித்திரை மொத ஞாயித்துக்கிழம ஒன் மிஷின தூக்கிக்கினு திண்டிவனம் வா. ஒரே ஜாதகத்த ரெண்டுத்துலயும் போடுவோம். எவன் மிஷினு பின்னாடி வருதோ, அவன் போர்டுலர்ந்து ‘மின்னல்வேக’த்த எடுத்துடணும். சம்மதமா?”

சம்மதம் என்றான் அவன். எட்டு என்றைக்கு ஆறிடம் தோற்றிருக்கிறது?

வஞ்சினம் உரைத்தாயிற்று, வழி? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த சவுரிராயனிடம் போய் நின்றார் நம் நாயகர். சவுரிராயன் அடக்கம் என்ற சொல்லையே அறியாத ஆள். தான் எரித்த சாமான்களை விழுப்புண்கள்போல் எண்ணிக் காட்டுகிறவன்.

“அதோ வெள்ளித் தகர டப்பி மாதிரி இருக்குது பாருங்க, அதான் கிரிஸ்டலு. பன்னெண்டுன்னு போட்டிருக்குதா? அதுல பாதி, ஆறு, அதான் ஒங்க வேகம். பஜனையில ஜால்ரா தட்றவன் வேகமா தட்னா பாடறவனும் வேகமா பாடித்தான ஆவணும்? அந்த மாதிரி. டப்பிய மாத்துங்க, வேகம் ஏறிடும். ஆனா ஒரே தாவா தாவாதீங்க சார். நான் தாவி மூணு எரிச்சிருக்கேன். பதினாலு, பதினாறு, பதினெட்டுன்னு படிப்படியா போங்க. ஒவ்வொண்ணுத்துலயும் நாள் பூரா ஓட்டிப் பாருங்க. சூடு ஏறிச்சின்னா நிறுத்திடுங்க.”

இந்த உபதேசத்தோடு மூன்று புது டப்பிகளையும் பெற்ற கோதண்டபாணியார், வீடு திரும்பியதும் யந்திரத்தினுள் இருந்த ஜாதகக் கணக்குகளை எல்லாம் ஃபிளாப்பித் தட்டுகளில் இரண்டு கட்டாக நகலெடுத்து, ஒன்றைத் துணிப் பெட்டியிலும் மற்றதை அரிசி டின்னிலும் ஒளித்தார். பிளக்கைப் பிடுங்கினார். உடம்பில் ஒட்டிய மின்சாரம் ஓடிப்போகட்டுமென்று ஜன்னல் கம்பியைக் கட்டித் தழுவி நின்றார். பிறகே, யானையின் மத்தகத்தைப் பிளக்கும் சிங்கம்போல, ஆனால் அதைவிட மிக மெதுவாக, அது பிறகு ஒட்டுமோ ஒட்டாதோ என்ற பயத்தோடு, மூடியைத் திறந்து பன்னிரண்டைப் பிடுங்கிப் பதினாலைப் பொருத்தினார்.

யந்திரம் விழித்தது. பதினாலில் ஒரு நாள் முழுக்க, தன் ஜாதகம், தையல்நாயகி ஜாதகம், பகைவன் சக்கரபாணியின் ஜாதகம், பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்ற நேரம் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். பழைய வேகத்தில் வந்த விடைகளோடு ஒன்றொன்றாக ஒத்துப் பார்த்தார். பிசகில்லை. பதினாறிலும் பிசகில்லை. பதினெட்டில்தான் கொஞ்ச நேரம் ஓடியபின் திரை சிலையாய் நின்றது. விரலை வைத்துப் பார்த்தார், தோசைக்கல். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேரே திருப்பினார். அதன்பின் பொழுது சாயும் வரை அது தவறவே இல்லை. வேகம் ஒன்பது! எட்டை ஏப்பம் விட்ட ஒன்பது!

இந்த நேரம் பார்த்துத்தான் தையல்நாயகி அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி கேட்டாள்.

“கணக்க எவ்ளோ ஜல்தியா போட்டா இன்னா? அந்தப் பிரிண்டரு கரகரன்னு அது பாட்டுக்கு ஆற அமரத்தான அடிக்கிது? நடுவுல ஒரு டீயே குடிச்சிட்டு வந்துடலாம். இதுக்குப் போயி ஏன் இந்த பேஜாரு?”

காவியங்களில் இத்தகைய கேள்விகளுக்கு விடை சொல்லும் வழக்கம் இல்லை. நாயகர் விசிறியை யந்திரத்தின் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்தினார்.

வந்தது சித்திரை ஞாயிறு. விழுப்புரத்து வேந்தன் சக்கரபாணி, யந்திரத்தைப் போர்வையில் பொதிந்து மடியில் வைத்து, கண்டக்டரோடு வழியெல்லாம் வாக்குவாதம் செய்தபடி, டவுன் பஸ்ஸில் படையெடுத்து வந்து இறங்கினான். பயிலகத்து வாசலில் செருப்புகள் குன்றாய்க் குவிந்தன. தலைமை தாங்க வந்தவர் மண்டி முதலாளி அரங்கநாதன். “சார்” என்று முதன்முதலில் அழைத்த வாய் அவருடையது. ஆகவே அவருக்கென்று ஜரிகைக் கரை மின்னும் பொன்னாடை ஒன்று வாங்கி வைக்கப்பட்டிருந்தது.

முதல் அம்பு கூட்டத்திலிருந்து வந்தது. முன்வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, திறந்து கிடந்த யந்திரத்தை எட்டிப் பார்த்து, தையல்நாயகியிடம், “இன்னாடி இது, கொடலு கொடலா வெளிய தெரியுது, ஒடஞ்சி போச்சா?” என்று கேட்டுவிட்டாள். சக்கரபாணி இளித்தான். கோதண்டபாணியாருக்கு முகம் கருத்தது. ஒரு பெண்பிள்ளையின் ஒரு பேச்சுக்காக, இத்தனை நாள் தவத்தை மறந்து, மூடியை எடுத்துப் பட்டென்று மூடினார்.

அடுத்தது பொன்னாடை. அதைத் தோளில் வாங்கிக்கொண்ட அரங்கநாதனார், மேடைகளில் பெரிய மனிதர்கள் காட்டுகிற அதே பெருந்தன்மையைத் தாமும் காட்ட விழைந்து, அதைக் கழற்றி உயர்த்தினார். “இன்னிக்கி மரியாத எனக்கு இல்ல, இதுக்குத்தான்!” என்று முழங்கி, ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தின்மேல் முன்பின் மூட, காற்றுத் துளையெல்லாம் அடைபட, அகலமாய்ப் போர்த்தினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தக் கைதட்டலில் அவருக்கு வியர்த்தது. வியர்த்ததைக் கண்ட யாரோ ஒரு விசுவாசி, விசிறியை யந்திரத்திடமிருந்து திருப்பி அவர் முகத்துக்கு நேரே வைத்தான்.

அந்தோ! பெரிய மனிதர் போர்த்திய பொன்னாடையை அவர் கண்ணெதிரே எவன் உருவுவான்? அவருக்கு வீசும் காற்றை எவன் பிடுங்குவான்? உருவினால் மண்டித் தெருவில் மறுநாள் தலைகாட்ட முடியுமா? கோதண்டபாணியாருக்கு எல்லாம் தெரிந்தது. சித்திரை வெயிலில், பட்டுப் போர்வைக்குள், பதினெட்டில் துடிக்கும் தன் யந்திரம் வெந்துகொண்டிருப்பதை அவர் உணர்ந்தார். அரங்கநாதனாரோ விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச எழுந்து, தம் மண்டியைப் பற்றிப் பேசி, தம் மருமகனைப் பற்றிப் பேசி, பேசிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாய் அவர் அமர, “யார்ட்டயாவது ஜாதகம் இருக்குதா?” என்று குரல் எழுந்தது. வல்லத்து விவசாயி துரைக்கண்ணு, மஞ்சள் பையைத் துழாவித் தன் மகள் பொன்னியின் ஜாதகத்தையும் ஒரு பையனின் ஜாதகத்தையும் நீட்டினார். பொருத்தம் பார்க்க வேண்டும். பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். இரு யந்திரங்களிலும் விவரங்கள் ஏறின. அரங்கநாதனார் கை தட்டினார். இரு வீரரும் ஒரே கணத்தில் விசையை அழுத்தினர். விண்ணவர் மூச்சை அடக்கினர். விண்ணவரைவிட மண்டிக்காரர்கள் அதிகமாய் அடக்கினர்.

திண்டிவனத்துத் திரை முதலில் ஒளிர்ந்தது! வென்றார் கோதண்டபாணியார்! விசில் பறந்தது. அதன்பிறகே கூட்டம் விடையைப் படித்தது. பொருத்தம், பத்துக்குப் பதிமூன்று.

கொஞ்சம் தாமதித்து விழுப்புரத்துத் திரை, பத்துக்கு ஆறு என்றது.

“பத்துக்குப் பதிமூணு எப்டிடா வரும்?” என்று அலறினான் சக்கரபாணி. கூட்டம் அவனை மதிக்கவில்லை. “ஒன் மிஷினுக்கு ஆறுதான் தெரிஞ்சிது, எங்க சார் மிஷினு பதிமூணு கண்டுபுடிச்சிது!” என்றது. அரங்கநாதனாரும் தலையசைத்தார். வெற்றி கையில் வந்து விழுந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ‘மின்னல்வேக’ம் நிலைக்கும், “சார்” நிலைக்கும்.

துரைக்கண்ணு மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தப் பதிமூன்றில் தொங்குவதைக் கோதண்டபாணியார் கண்டார். அவர் நெஞ்சம் போர்க்களமாயிற்று. மானம் ஒருபுறம், மனசாட்சி மறுபுறம், இடையில் வெந்த யந்திரம். வாழ்நாளில் செய்திராத ஒரு காரியத்தை அவர் அன்று செய்யத் துணிந்தார். பொன்னாடையை முதலாளி முன்னிலையில் உருவி வீசினார், ஆவி பறந்தது. கண்ணில் நீர் முட்ட, இப்படி அறிவித்தார்:

“தப்புங்க. எம் மிஷினு சூடாயி ஒளறிடுச்சி. மச்சான் போட்ட ஆறுதான் சரி. நான் தோத்துட்டேன். ஒரு பொண்ணு வாழ்க்கைல நான் பொய் சொல்ல மாட்டேன்.”

மூவுலகும் இந்தத் தியாகத்தின் முன் தலைதாழ்த்த வேண்டிய அந்தத் தருணத்தில், துரைக்கண்ணு ஜாதகங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அத்த வுடுங்க சார். பொண்ணுக்குப் போன வெள்ளிக்கிழமையே நிச்சயம் ஆயிடுச்சி. பத்திரிக்க அடிக்கக் குடுக்கலாம்னு வந்தேன், கூட்டமா இருந்துச்சி, இன்னான்னு எட்டிப் பாத்தேன். ஜாதகம் கேட்டாங்க, குடுத்தேன். வர்றேனுங்க.”

கோதண்டபாணி ஸ்டூல் போட்டு ஏறி, போர்டைக் கழற்றினார்.