பச்சைப் பொட்டலம்

தின்று முடித்து விரலை நக்கும்போதுதான், அது எங்கே இருந்த பொட்டலம் என்பது பின்ஹானுக்கு உறைத்தது. நொதி அளக்கும் மெஷினின் தலைமேல் இருந்த பொட்டலம்.

தைவானின் தாய்னான் நகரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்: தேங்காய் மணக்கும் அந்தப் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலத்தை மேலே வைத்தால் மெஷின் சொன்ன பேச்சு கேட்கும். மஞ்சளை வைத்தால் முறுக்கிக்கொள்ளும். தின்றவன் கதி என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. அப்படியொரு கிறுக்கன் அதுவரை பிறக்கவில்லை.

இன்றைக்கா இது நடக்க வேண்டும்! ஆர்க்கிட் செடி மொட்டு விடுவதற்கு முன் அதன் இலையில் சர்க்கரையை உடைக்கும் நொதி ஒரே பாய்ச்சலாக எகிறும் என்பது அவன் வழிகாட்டிப் பேராசிரியை ஷியாவ் மேடத்தின் பேர்பெற்ற கண்டுபிடிப்பு. அதைத் திரும்பச் செய்து காட்டினால்தான் பின்ஹானுக்குப் பட்டம். குழாயில் சேரும் சர்க்கரைத் துகளை வைத்துத்தான் மெஷின் நொதியை அளக்கும். அவன் இலைகளிலோ நொதி அசைந்தே கொடுக்கவில்லை. மேடம் சாயங்காலம் வருகிறார். இதுதான் கடைசி வாய்ப்பு.

நக்கிய விரலோடே இலைச்சாற்றைக் குழாயில் விட்டு அளந்தான். எண் கிடுகிடுவென ஏறியது. இத்தனை நாள் அசையாத எண் திடீரென்று ஏறினால் அது நொதி இல்லை, மெஷின் முறுக்கிக்கொண்டதுதான் என்று முடிவு கட்டினான்.

கூடப் படிக்கும் சீனியர் லிங்யாவிடம் ஓடினான். "அக்கா, மெஷினுக்குக் கோபம் வந்துடுச்சு."

லிங்யா மெஷின் தலையைப் பார்த்தாள். முகம் வெளிறியது. "தின்னுட்டியா? பாவி, நீ கெட்டது போதாதுன்னு இதே மெஷின்ல அளக்குற என்னையும் கவுத்துட்டியேடா. மேடம் வர்றதுக்குள்ள வேற வாங்கி வை."

கடையில் பச்சை தீர்ந்துவிட்டது, மஞ்சள்தான் இருந்தது. வாங்கி வந்து, மஞ்சளில் இருந்ததைப் பழைய பச்சை உறைக்குள் கொட்டி, கையை விட்டு அமுக்கி ஒட்டி மெஷின் தலைமேல் வைத்தான். இருந்த பதற்றத்தில் கையுறை ஞாபகமே வரவில்லை. மறுபடி அளந்தான். எண் இன்னும் மேலே போனது.

மெஷினைக் கும்பிட்டான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று கெஞ்சினான். குழாய்களை விரல் விட்டுத் துடைத்து மறுபடி அளந்தான். எண் மெஷினின் எல்லையையே தாண்டிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

பின்னால் செருப்புச் சத்தம். மேடம் எண்ணைப் பார்த்தார். பட்டம் போச்சு என்று பின்ஹான் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுதாம்ப்பா!" மேடம் கூவிவிட்டார். "நான் அன்னைக்குப் பார்த்த அதே பாய்ச்சல். இத்தனை வருஷத்துல ஒருத்தராலயும் திரும்ப எடுக்க முடியல."

லிங்யா ஒரு குழாயை எடுத்து முகர்ந்தாள். பிறகு பின்ஹானின் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் இனிப்புத் தூள்.

"டேய், இதுல தேங்காய் வாசனை அடிக்குதுடா" என்று மெல்ல முணுமுணுத்தாள்.

மேடத்தின் காதில் விழுந்துவிட்டது. முகமெல்லாம் பூரிக்க அந்தக் குழாயை வாங்கி முகர்ந்தார்.

"அதே வாசனை! என் குழாய்லயும் அன்னைக்கு இப்படித்தான் மணந்துச்சு. மொட்டு விடுறதுக்கு முன்னாடி செடியில வர்ற மணம்னு அதுக்குத் தனியா ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்."