எதிர்மனுதாரர் தூக்கிய நாற்காலி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். உடனே எனக்கு ஒரு மேல்முறையீடு எழுதித் தர வேண்டும். வீட்டில் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு நானே வாதாடப் போனதுதான் தப்பு.

பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடுகிறார்கள் என்று என் கட்டடத்து லிஃப்டைப் பூட்டி வைத்தேன். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தையல்காரரால் நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். வீட்டிலேயே தைக்கிறவருக்குக் கீழே என்ன வேலை என்று இருந்துவிட்டேன். அவரைப் பார்க்க வந்த சமூகப் பணியாளர், ஒல்லியான ஒரு பெண், மூச்சு வாங்கிக்கொண்டே, "ஐயா, லிஃப்டைத் திறந்து விடுங்க. இதுக்குச் சட்டமே இருக்கு" என்றாள். "இருந்தா அது படியேறி வரட்டும்மா" என்றேன். வாய் சும்மா இருந்ததா? இரண்டே வாரத்தில் நோட்டீஸ் படியேறி வந்துவிட்டது.

விசாரணை நாளன்று கிளம்பினால் படியில் கூட்டம். தையல்காரரை நாற்காலியோடு இறக்குகிறார்கள். முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், பின்னால் அந்தப் பெண் மட்டும். "ஐயா, ஒரு கை பிடிங்க, சாஞ்சிடும்!" நான் யார் என்பதையே மறந்து பிடித்துவிட்டேன், மாப்பிள்ளை. ஐம்பத்திரண்டு படிகள். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். வாசலில் வெயில் பட்டதும், "நாப்பத்தொரு நாளாச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஆனாலும் விசாரணை அதிகாரி முன்னால் நான் விடவில்லை. "கீழ வர முடியலன்னு மனு கொடுத்திருக்காரு. இதோ வந்திருக்காரே!"

"எப்படி வந்தாரு?"

"நாலு பேர் தூக்கிட்டு வந்தோம்."

"வந்தோமா?" அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஐயா உதவி செஞ்சாங்க சார், அதையும் எழுதிக்குங்க" என்றாள். ஒரு வாரத்துக்குள் லிஃப்டைத் திறக்க உத்தரவு.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அந்தச் சட்டம் நான் கட்டடம் கட்டுவதற்கு முன்பிருந்தே இருக்கிறதாம். மூன்றாவது மாடிவரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை. இருந்தாலும் தோல்வி தோல்விதானே? மேல்முறையீட்டைத் தாமதிக்காமல் எழுதுங்கள்.

தங்கைக்கு என் ஆசி. குழந்தைகளுக்கு அன்பு.

தோள்வலியுடன்,
உங்கள் மச்சான்

பி.கு.: மேல்முறையீடு வேண்டாம். இதை எழுதிய அன்று சாயங்காலமே லிஃப்டைத் திறந்துவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் இதேபோல் பூட்டி வைத்திருக்கிறார். திறக்கச் சொல்லப் போனால் என்னையே முறைக்கிறார். அவர்மேல் எந்தப் பிரிவில் மனுப் போடலாம் என்று உடனே எழுதுங்கள்.